தையல் போட்டாச்சு... ராத்திரி வலிக்கு யார் பொறுப்பு?

காலை பத்து மணிக்கு சிசேரியன். பத்தரைக்குள் குழந்தை வெளியே. துணியில் சுற்றிக் கொண்டுவந்து வராண்டாவில் காத்திருந்த பாட்டிகளிடம் காட்டியாயிற்று; சாக்லேட்டும் கொடுத்தாயிற்று. முதுகில் போட்ட ஊசியின் தயவில் தாய்க்கு இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. ஒரு மணிக்கு மேல் கால் கட்டைவிரல் அசைகிறது. இரண்டு மணிக்கு முழங்கால் மடங்குகிறது. ‘மரப்பு விட்டுடுச்சு, நல்லது’ என்று நர்ஸ் குறித்துக்கொண்டு போகிறார். அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இருமினால் வயிறு பிளந்துவிடுமோ என்று பயம். குழந்தை அழுகிறது, ஒருக்களித்துப் படுத்தால்தான் பால் கொடுக்க முடியும், ஒருக்களிக்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து எழ முயன்று பாதியில் விட்டுவிடுகிறாள். “பொறுத்துக்கடி... ஆபரேஷன்னா வலிக்கத்தானே செய்யும். நாங்கள்லாம் பொறுக்கலையா?” என்கிறார் பக்கத்தில் இருக்கும் அம்மா. நர்ஸிடம் போய்க் கேட்டால், “அடுத்த ஊசி எட்டு மணிக்குத்தான்மா” என்று பதில் வருகிறது. மணி ஐந்தேகால்.

தமிழ்நாட்டில் எந்த ஊர் பிரசவ வார்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அதே வார்டில் சில தாய்மார்கள் அன்று மாலையே எழுந்து உட்கார்ந்து பால் கொடுப்பதையும் இப்போது பார்க்க முடிகிறது. “அவளுக்கு வயித்துல ரெண்டு பக்கமும் ஏதோ ஊசி போட்டாங்களாம், அவ்வளவா வலி தெரியலையாம்” என்ற பேச்சு கட்டிலுக்குக் கட்டில் பரவுகிறது. அந்த ‘ஏதோ ஊசி’ என்ன? நிஜமாகவே வலி போகுமா? எல்லோருக்கும் ஏன் போடுவதில்லை?

நூற்றில் நாற்பத்தைந்து

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21-ல் நடந்தது. அதன்படி, தமிழ்நாட்டில் நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவிகிதம் சிசேரியன். இந்திய சராசரி 21.5. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். தனியாரில் மூன்றில் இரண்டை நெருங்குகிறது. இவ்வளவு சிசேரியன் தேவையா என்ற சண்டை தனி. அதை இன்னொரு நாள் போடலாம். இதோடு குடல்வால், ஹெர்னியா, பித்தப்பைக் கல், கர்ப்பப்பை நீக்கம் என்று மற்ற வயிற்று ஆபரேஷன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டை மறக்க வேண்டாம். நம் மாநிலத்தில் அது பெரும்பாலும் பெண்ணின் வயிற்றில்தான் நடக்கிறது. ஆக, வயிற்றில் தையலோடு ஒரு ராத்திரியாவது படுத்திருக்காத ஆள் இல்லாத குடும்பம் இங்கே குறைவு.

அந்த ராத்திரி எவ்வளவு வலிக்கும் என்பதை ஜெர்மனியில் கணக்கெடுத்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம், 179 வகை ஆபரேஷன்களுக்கு மறுநாள் வலியைக் கேட்டுப் பதிவு செய்த அந்த ஆய்வு 2013-ல் வெளியானது. வரிசையில் சிசேரியனுக்கு ஒன்பதாவது இடம். சின்ன ஆபரேஷன் என்று எல்லோரும் நினைக்கும் குடல்வால் அறுவையும் பட்டியலின் மேல்பகுதியில்தான் வந்தது. ‘பெரிய’ ஆபரேஷன்களுக்கு வலி மருந்தைத் தாராளமாகக் கொடுக்கிறார்கள், ‘சின்ன’ ஆபரேஷனில் மறந்துவிடுகிறார்கள் என்பது அதிலிருந்து கிடைத்த பாடம்.

மூன்று அடுக்கு, நடுவில் ஓர் இடைவெளி

நம் வயிற்றின் பக்கவாட்டுச் சுவர், ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்திய மூன்று போர்வைகளைப்போல மூன்று தசை அடுக்குகளால் ஆனது. வெளியே ஒரு சாய்தசை, அதற்குள் இன்னொரு சாய்தசை, அடியில் குறுக்குத் தசை. முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் நரம்புகள் விலா ஓரமாக வளைந்து, இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில் ஓடித்தான் வயிற்றின் முன்பக்கத் தோலுக்கும் தசைக்கும் உணர்ச்சி கொடுக்கின்றன. கத்தி பட்ட இடத்திலிருந்து மூளைக்குச் செய்தி போவதும் இதே வழியில்தான்.

அந்த இடைவெளியில் மரத்துப்போகும் மருந்தைப் பரப்பிவிட்டால் செய்தி வழியிலேயே நின்றுவிடும். இதுதான் டாப் பிளாக். ஆபரேஷன் முடிந்ததும், பெரும்பாலும் தியேட்டரிலேயே, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அல்ட்ராசவுண்ட் கருவியை வைக்கிறார் மயக்க மருந்து டாக்டர். திரையில் மூன்று தசைகளும் மூன்று பட்டைகளாகத் தெரிகின்றன. ஊசி முனையைத் திரையில் பார்த்துக்கொண்டே நகர்த்தி, சரியான இடத்தில் மருந்தைத் தள்ளும்போது அடியில் இருக்கும் இரண்டு பட்டைகளும் விலகி நடுவே கறுப்பாக ஓர் இடம் விரிகிறது. அது விரிந்தால் ஊசி சரியாக விழுந்தது என்று அர்த்தம். பிறகு மறுபக்கம். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை.

பலன், வழக்கமான மருந்தில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். சிலருக்கு இன்னும் கொஞ்சம் நீளும். முதல் ராத்திரியின் பெரும்பகுதியைக் கடத்திவிடலாம். கால் பொதுவாக மரத்துப்போவதில்லை, ரத்த அழுத்தம் விழுவதில்லை, தூக்கக் கலக்கமும் இல்லை.

■ பெட்டிச் செய்தி: எந்த ஊசி எங்கே?

முதுகு ஊசி: தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் போடுவது. ஆபரேஷனுக்காகவே. இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் மரப்பு விடும்.

எபிடியூரல்: தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து, நாள் கணக்கில் மருந்து செலுத்துவது. வயிற்றை நீளமாகத் திறக்கும் பெரிய ஆபரேஷன்களுக்கு நல்லது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்குப் பெரும்பாலும் ஆகாது.

டாப் பிளாக்: வயிற்றின் இரு பக்கமும். தொப்புளுக்குக் கீழே இருக்கும் கீறலுக்கு அதிகம் உதவும்.

ரெக்டஸ் ஷீத் பிளாக்: நடு வயிற்றில் மேலிருந்து கீழாகப் போகும் கீறலுக்கு.

குவாட்ரேட்டஸ் லம்போரம் பிளாக்: இன்னும் பின்னால், முதுகை ஒட்டி. 2007-ல் வந்தது. போடுவது சற்றுக் கடினம்.

தையல் ஓர ஊசி: தையல் போடும்போது சர்ஜனே காயத்தின் ஓரத்தில் மரப்பு மருந்து செலுத்துவது. செலவு குறைவு, எங்கும் செய்யலாம்.

சுத்தியல் அடி வாங்கிய உதவியாளர்

ஓர் உறுப்பை மட்டும் மரத்துப்போக வைக்கும் கதை 1884-ல் வியன்னாவில் தொடங்குகிறது. கார்ல் கோலர் என்ற இளம் டாக்டர், கொக்கைன் கரைசலைக் கண்ணில் விட்டால் வலியில்லாமல் கண் ஆபரேஷன் செய்யலாம் என்று காட்டினார். 1898-ல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் முதுகில் ஊசி போடும் முறையைக் கொண்டுவந்தார். தன் உதவியாளர் ஹில்டபிராண்ட்டுக்கும் போட்டுப் பார்த்தார். மரத்துப்போனதா என்று சோதிக்க அவருடைய கணைக்கால் எலும்பை இரும்புச் சுத்தியலால் அடித்தார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் தெரிந்திருக்கும், பாவம். அடுத்த ஆண்டே ஷ்லைக் என்பவர் வயிற்றுச் சுவரில் ஊசி போடும் ஒரு முறையை எழுதிவைத்தார்.

அதன்பின் நூறு வருடம் வயிற்றுச் சுவரை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2001-ல் ரஃபி என்ற டாக்டர், இடுப்புக்கு மேலே கையால் தடவியே கண்டுபிடிக்கக்கூடிய ஒரு முக்கோண இடத்தில் ஊசியை இறக்கி இந்தத் தசை இடைவெளியை எட்டலாம் என்று ஒரு கடிதம்போலச் சிறிதாக எழுதினார். அயர்லாந்தில் மெக்டோனல் குழுவினர் அதை எடுத்துக்கொண்டு, குடல் ஆபரேஷன் செய்துகொண்ட 32 பேரிடம் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். பிளாக் போட்டவர்களுக்கு முதல் நாள் தேவைப்பட்ட மார்ஃபின், மற்றவர்களுக்குத் தேவைப்பட்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. அதே சமயத்தில் அல்ட்ராசவுண்டும் சேர்ந்துகொள்ள, உலகம் முழுக்கப் பரவியது.

‘வலியே இருக்காது’ என்று யாராவது சொன்னால்...

நம்பாதீர்கள். இந்த பிளாக் தோல், தசை வலியைத்தான் நிறுத்தும். உள்ளே இருக்கும் கர்ப்பப்பையும் குடலும் வேறு நரம்புகள் வழியாகச் செய்தி அனுப்புகின்றன. பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை சுருங்கும்போது வரும் இழுப்பு வலியை டாப் பிளாக் தொடாது. அதனால்தான் எந்த டாக்டரும் இதைத் தனியாக நம்புவதில்லை. கூடவே பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக் வகை மருந்தும் மணி பார்த்துப் போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப ஆய்வுகள் காட்டிய பிரமாதமான பலன், பின்னால் வந்த ஆய்வுகளில் அதே அளவில் கிடைக்கவில்லை. முக்கியமாக, முதுகு ஊசியிலேயே துளியளவு மார்ஃபின் சேர்த்துவிட்டால் வலி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் அடங்கியிருக்கும். அதற்கு மேல் டாப் பிளாக் போடுவதால் பெரிய லாபம் இல்லை. ஒவ்வோர் ஆபரேஷனுக்கும் எந்த வலி சிகிச்சை சரி என்று பரிந்துரைக்கும் ‘பிராஸ்பெக்ட்’ என்ற ஐரோப்பிய நிபுணர் குழு, சிசேரியனுக்கு இதையே சொல்கிறது. முதுகில் மார்ஃபின் கொடுத்தால் அது போதும். கொடுக்காத இடத்தில் தையல் ஓர ஊசியோ, டாப் பிளாக்கோ போடுங்கள். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுப்பவர்களுக்கும் துளையிட்ட இடங்களில் போடும் சாதாரண ஊசிதான் அதன் முதல் தேர்வு.

ஆக, மார்ஃபின் தாராளமாகப் புழங்கும் நாட்டில் இது உபரி. நம் ஊரில் அப்படியில்லை. எங்கே மார்ஃபின் இல்லையோ அங்கேதான் இந்த ஊசி தன் வேலையைக் காட்டும்.

பூட்டிய அலமாரி

1985-ல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டம் மார்ஃபினைக் கிட்டத்தட்டக் குற்றவாளியாக்கிவிட்டது. வாங்க, வைத்திருக்க, எடுத்துச்செல்ல என்று தனித்தனி உரிமங்கள். ஓர் ஆம்பூல் கணக்கில் குறைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பல மருத்துவமனைகள் அந்த மருந்தையே ஒதுக்கிவைத்தன. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. ஆனால், ஒரு தலைமுறை டாக்டர்கள் மார்ஃபினைத் தொடாமலே பழகிவிட்டார்கள். சின்ன ஊர் நர்ஸிங் ஹோம்களில் இன்றும் டைக்ளோஃபினாக், டிரமடால், பென்டசோசின் ஆகியவற்றோடு ராத்திரியைச் சமாளிக்கிறார்கள். முதுகில் மார்ஃபின் போட்டால் இரவு முழுவதும் மூச்சைக் கவனிக்க ஆள் வேண்டும் என்ற கவலையும் நியாயமானதுதான். ஒரு நர்ஸுக்கு முப்பது கட்டில் என்றால் யார் கவனிப்பது?

டிரமடாலிலும் சிக்கல் உண்டு. அது தாய்ப்பாலில் கலக்கும். பாலூட்டும் தாய்மார்கள் டிரமடால், கோடீன் எடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. இங்கே 2018-ல் டிரமடாலும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அமெரிக்கா மாத்திரையை அள்ளிக் கொடுத்து அடிமைகளை உருவாக்கியது. நாம் பூட்டிவைத்துப் பொறுமைசாலிகளை உருவாக்கினோம். இரண்டுமே மருத்துவம் ஆகாது.

ஸ்கேன் கருவி ஏன் வருவதில்லை?

மரப்பு மருந்தான பியூப்பிவக்கைன், அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விலைக்கும் கட்டுப்பாடு உண்டு. தட்டுப்பாடும் பெரிதாக இல்லை. இடிப்பது அல்ட்ராசவுண்டில்தான்.

கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டத்தின் கீழ், இந்தியாவில் ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவில்லாத இடத்துக்கு விற்கக்கூட முடியாது. நரம்பைப் பார்ப்பதற்காக மட்டும் தியேட்டரில் வைக்கும் கருவிக்கும் இதே விதிதான். ஒரு ஊரில் காலை ஒரு மருத்துவமனை, மத்தியானம் இன்னொன்று என்று ஓடும் மயக்க மருந்து டாக்டர், தன் சிறிய கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. பெண் சிசுக்களை இழந்த ஊர்களைப் பார்த்த மாநிலம் இது. சட்டத்தின் நோக்கத்தோடு யாருக்கும் சண்டையில்லை. கண்காணிப்பைத் தளர்த்தாமலே தியேட்டர் கருவிகளுக்கு எளிய நடைமுறை வகுக்க முடியும் என்பது என் கருத்து.

கருவி இல்லாவிட்டால் வழியே இல்லையா? இருக்கிறது. ஊசி இரண்டு தடவை ‘டப்’ என்று தசை உறையைத் தாண்டுவதைக் கையால் உணர்ந்து போடுவது பழைய முறை. குறி தப்பலாம்; கல்லீரலில் குத்திய சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அதைவிட நல்ல வழி, சிசேரியனில் வயிறு திறந்திருக்கும்போதே சர்ஜன் உள்பக்கத்திலிருந்து டாப் பிளாக் போடுவது. லேப்ராஸ்கோப்பியில் கேமராவில் பார்த்துக்கொண்டே போடலாம். அதுவும் இல்லையென்றால் தையல் ஓர ஊசி. இதற்கு உரிமமும் வேண்டாம், கருவியும் வேண்டாம், மனசு போதும்.

பொறுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாதவருக்கு, இருமலை அடக்குகிறவருக்கு நுரையீரலில் சளி தங்கும். மேல் வயிற்றில் கீறல் என்றால் நிமோனியாவுக்கு அதுவே வாசல். எழுந்து நடக்காதவருக்குக் காலில் ரத்தம் உறையலாம். பிரசவித்த பெண்ணுக்கு ஏற்கெனவே அந்த ஆபத்து அதிகம். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. டென்மார்க் சர்ஜன் ஹென்ரிக் கேலெட் 1990-களிலிருந்து சொல்லிவருவதும் இதைத்தான். வலியை அடக்கி, சீக்கிரம் சாப்பிடவைத்து, சீக்கிரம் நடக்கவிட்டால் ஆள் சீக்கிரம் வீடு போய்ச் சேர்வார்.

வீடு போன பிறகும் கணக்கு தீர்வதில்லை. ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு மாதக்கணக்கில் வலி தங்கிவிடுகிறது. முதல் நாட்களில் கடுமையாக வலித்தவர்களுக்கு இப்படித் தங்கும் வாய்ப்பு கூடுதல். பிளாக் போட்டால் அது வராது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆனால் முதல் நாள் வலியை அலட்சியம் செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

தாய்க்கு இன்னும் ஒன்று. முதல் சில மணி நேரத்தில் பால் கொடுக்க முடியாதபோது புட்டிப்பால் உள்ளே வருகிறது. ‘அவளுக்குப் பால் இல்லை’ என்று வார்டு முழுக்கச் சொல்லிவிடுகிறார்கள். பல நேரம் அவளுக்கு இருந்தது வலிதான். பாராசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் பாலூட்டும்போது எடுக்கக்கூடியவை. பிளாக்குக்குப் போடும் மரப்பு மருந்து பாலில் கலப்பதும் மிகச் சொற்பம். ‘குழந்தைக்கு ஆகாது’ என்று தாய்மார்கள் மாத்திரையை மறைத்துவைக்கத் தேவையில்லை.

■ பெட்டிச் செய்தி: ஆபத்து இல்லையா?

உண்டு. மரப்பு மருந்து அளவு மீறினாலோ, ரத்தக்குழாய்க்குள் போய்விட்டாலோ விஷமாகும். உதட்டைச் சுற்றி மதமதப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல். பிறகு வலிப்பு, இதயம் நிற்பது வரை போகலாம். அபூர்வம்தான்.

பியூப்பிவக்கைனுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை, உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம். 50 கிலோ பெண்ணுக்கு 100 மில்லிகிராம், 0.25 சதவிகிதக் கரைசலில் பக்கத்துக்கு 20 மில்லி போட்டாலே அந்த எல்லையைத் தொட்டுவிடும். முதுகில் போட்டதையும், தையல் ஓரத்தில் போட்டதையும் சேர்த்துத்தான் கணக்கு.

மாற்று மருந்து உண்டு. சாப்பிட முடியாதவர்களுக்கு ரத்தக்குழாய் வழியே ஏற்றும் 20 சதவிகிதக் கொழுப்புக் கரைசல்தான் அது. 1998-ல் கை வைன்பெர்க் விலங்குச் சோதனையில் இதைக் காட்டினார். 2006 முதல் மனித உயிர்களையும் காப்பாற்றியிருக்கிறது. பிளாக் போடும் தியேட்டரில் அந்தப் பாட்டில் இருக்க வேண்டும்.

சில சமயம் மருந்து கீழிறங்கித் தொடை நரம்பைத் தொட்டுவிடும். கால் தற்காலிகமாக வலுவிழக்கும். அதனால் முதல்முறை எழும்போது பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும்.

முதுகு ஊசி மேல் ஒரு பழி

‘முதுகுல ஊசி போட்டாங்க, அதுலேர்ந்து இடுப்பு வலி’ என்று சொல்லாத அக்கா, அத்தை இல்லை. ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலிக்கும். தலைவலி சிலருக்கு வரும், சிகிச்சையும் உண்டு. வருடக்கணக்கில் நீடிக்கும் இடுப்புவலிக்கும் இந்த ஊசிக்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. கர்ப்பத்தில் மாறிய உடல், குழந்தையைத் தூக்கும் விதம், குனிந்து பால் கொடுப்பது என்று காரணங்கள் வேறு. இந்தப் பழி எதற்கு இங்கே வருகிறது என்றால், அதே பயத்தில் பலர் வயிற்றில் போடும் ஊசியையும் ‘வேண்டாம் டாக்டர்’ என்று மறுத்துவிடுகிறார்கள். வயிற்றுச் சுவரில் போடும் இந்த ஊசி முதுகுத்தண்டின் பக்கமே போவதில்லை.

முந்தைய நாளே கேளுங்கள்

சர்ஜன் யார், கைராசி எப்படி என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். மயக்க மருந்து டாக்டரின் பெயர்கூட நமக்குத் தெரிவதில்லை. ஆபரேஷனுக்கு முன்பு அவர் உங்களை வந்து பார்ப்பார். அந்த ஐந்து நிமிடத்தைத் தலையாட்டியே கழித்துவிடாதீர்கள். மரப்பு விட்ட பிறகு வலிக்கு என்ன திட்டம், முதுகு ஊசியில் மார்ஃபின் சேர்ப்பீர்களா, இல்லையென்றால் டாப் பிளாக்கோ தையல் ஓர ஊசியோ உண்டா, மாத்திரை மணிக்கணக்குப்படி வருமா அல்லது நாங்கள் கேட்டால்தான் வருமா என்று கேளுங்கள். பில்லில் ‘பிளாக்’ என்று தனித் தொகை போட்டிருந்தால், எதற்கு, எந்த முறையில் போட்டார்கள் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

பதிலுக்கு அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டியவை மூன்று: உங்கள் சரியான எடை, எந்த மருந்தாவது ஒவ்வாமல் போயிருந்தால் அதன் பெயர், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை. ஒரு சீட்டில் எழுதி, ஸ்கேன் ரிப்போர்ட் ஃபைலிலேயே வைத்துக்கொண்டு போங்கள்.